பிடியரிசிக் கூட்டம்

டீச்சர்,

ஒரு பிடி என்பது வீட்டுக்கு வீடு மாறும். பெரிய கைக்காரர்கள் அதிகம் போடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரமனையில் நம் தெருக்களில் சனிக்கிழமைதோறும் பையோடு போய் நான் பார்த்தவரை அப்படி இல்லை. பெரிய கைக்காரர்கள் விரல்களை இறுக்கி மூடுகிறார்கள். சின்னக் கைக்காரர்கள் அரிசி வழிய வழிய அள்ளிப் போடுகிறார்கள். இதை ஒரு நாள் டைரியில் எழுதி வைத்தேன். யாருக்கும் உபயோகப்படாத விஷயம். ஆனால் இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கிறவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நேற்று, "நீ கவனிக்காம விட்டிருக்க முடியாது சேஷா" என்றீர்கள்.

சரிதான். கவனித்தேன்.

நடந்ததை முழுவதும் எழுதிக் கொடு, ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லிக்கு நானே படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். மாலைச் சட்ட வகுப்பில் இப்போது சாட்சியச் சட்டம் நடக்கிறது. போலீஸ்காரரிடம் கொடுக்கும் ஒப்புதலை ஒருவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று போன வாரம் நடத்தினார்கள். உங்களைப் போன்ற ஒருவரிடம் கொடுப்பதை நிரூபிக்கலாம். அது தெரிந்தேதான் உங்களுக்கு எழுதுகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கப்போகிறவளுக்கு எல்லாம் தெரியாது என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கூட்டத்தைத் தொடங்கியது நீங்கள். கண் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும், பாட வேண்டும், விளையாட வேண்டும். அதற்கு டீயும் பஸ் காசும் ஒரு ஆர்மோனியமும் வேண்டும். பணமாகக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்று நீங்கள் பிடியரிசி கேட்டீர்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டியது. சனிக்கிழமை நம் ஆட்களே இரண்டிரண்டு பேராகப் பையோடு வந்து வாங்கிக்கொள்வார்கள். சாலைக்கடையில் ஒரு ஹோட்டல்காரர் புழுக்கலும் பச்சையும் கலந்த அந்த அரிசியைத் தோசை மாவுக்கு எடுத்துக்கொள்வார். தெருவில் எல்லாரும் இதைப் பிடியரிசிக் கூட்டம் என்றுதான் சொன்னார்கள்.

முதல் நாள் அனந்தலக்ஷ்மி மாமி வாசலில் நின்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அன்னதானம்னா புரியறது டீச்சர். இவா உட்கார்ந்து பாட்டுப் பாடறதுக்கு நான் எதுக்கு அரிசி போடணும்?"

"சோறு போட நாலு கோயில் இருக்கு மாமி. சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கறதுக்கு ஒரு இடமும் இல்லையே."

"சிரிக்கறதுக்கா? அதுக்கு எங்காத்து மாமா தினம் காலம்பற வேஷ்டி தேடறதை வந்து கேட்கச் சொல்லுங்கோ" என்றாள் மாமி. ஆனால் போட்டாள். எல்லாரும் போட்டார்கள். கண் தெரியாத ஒருவர் வாசலில் பையை விரித்து நிற்கும்போது போடாமல் இருப்பது கஷ்டம்.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் கோடி வகுப்பறையை நமக்குக் கொடுத்தார்கள். நான் செயலாளன். பகலில் ஒரு கம்பெனியில் தபால் அனுப்பும் குமாஸ்தா. என்னை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை, "தபால்" என்பார்கள். மாலை வகுப்பில் கடைசி பெஞ்சு. கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்கும். அது சரியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வேறு ஒருவன் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அறையில் எல்லா முகங்களும் கதவுப் பக்கம் திரும்பும். "செயலாளர் வந்தாச்சு" என்று ஞானையன் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது என்றால் படிக்கும்போது விட்டுவிடலாம்.

செண்பகவல்லி நம்மிடம் வந்தது இரண்டாம் வருடம். அம்பாசமுத்திரம் பக்கம். தம்பி வன்னியராஜ் இங்கே கொத்தனார் வேலை செய்கிறான் என்று வந்து, சாலையில் ஒரு ஹோட்டலில் மாவரைத்தாள். கண் புரை மெல்ல மூடியது. கல்லில் கை மாட்டிக்கொண்ட ஒரு நாள் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நம்மிடம் வரும்போது அவளுக்கு வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். வகுப்பறைக்குள் வந்ததும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவளே கண்டுபிடித்து அந்தப் பக்கம் முகத்தை வைத்து உட்காருவாள். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. "நான் இந்த ஊரு ஜமீந்தாரு, எனக்கு ஒரு ஜன்னல் சொந்தம்" என்பாள்.

அவள் வந்த பிறகுதான் கூட்டம் கூட்டமாயிற்று. அரிசி போடும் வீடுகளின் குரல்களை அப்படியே பேசிக் காட்டுவாள். "இந்தாடி, பையை நன்னா விரி. மேல படாதே. படலையே? பட்டுடுத்தோ? சரி, குளிச்சுக்கறேன், நீ போ." ஆண்டு விழாவில் மாமிகள் எதிரே உட்கார்ந்திருக்க இதைச் செய்தாள். நான் பயந்துபோனேன். அனந்தலக்ஷ்மி மாமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அது நான் இல்லை, எதிராத்துக்காரியாக்கும்" என்றாள். அடுத்த சனிக்கிழமை பைகள் கனத்தன.

நம் கூட்டத்தில் இருந்த வன்னியபெருமாள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டையில் டீக்கடையில் கிளாஸ் கழுவியவன். சென்ற வருடம் இலவசக் கண் முகாமில் அவனுக்குப் புரை எடுத்தார்கள். தடித்த கண்ணாடியோடு வந்தான். நாமெல்லாரும் அன்று லட்டு சாப்பிட்டோம். அந்தச் சனிக்கிழமை அவனும் சந்தோஷமாகப் பையோடு கிளம்பினான். ஒரு வீட்டில் மாமி அரிசி எடுக்கக் குனிந்தபோது, "மாமி, பானை வாயில பல்லி இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். உதவியாகத்தான் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் மூன்று தெருவும் பேசியது. "கண்ணு தெரிஞ்சவனாக்கும் பையோட வரான். இன்னும் எத்தனை பேர் இப்படியோ." அடுத்தடுத்த வாரங்களில் பாதி வீடுகள் பானையையே எடுத்துவிட்டன. ஆர்மோனியத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஓணத்துக்கு எல்லாரையும் சங்குமுகம் கடற்கரைக்கு அழைத்துப்போவதாக இருந்ததும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கே பேர் வந்தார்கள். அந்த அறையில் நான்கு பேர் எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வன்னியபெருமாளும் வருவதை நிறுத்திவிட்டான். நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினீர்கள். மெல்ல மெல்ல அரிசி திரும்பியது. ஆனால் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தேன். பார்வை வந்தவன் போய்விடுவான். போகும்போது மற்றவர்களுடைய அரிசியையும் கொண்டுபோய்விடுவான்.

இந்த வருடம் ஆவணியில் முகாம் மறுபடி வந்தது. நீங்கள் மகள் பிரசவத்துக்காக நாகர்கோவில் போயிருந்தீர்கள். எல்லாரையும் அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கு. முகாம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். டாக்டர் வடக்கே கோழிக்கோடு பக்கத்துக்காரர், வேகமாகப் பேசுகிறவர். செண்பகவல்லியின் முறை வந்ததும் நான் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினேன். அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். அவள் மலையாளம் ஹோட்டல் மலையாளம்; இருந்தாலும் அவர் மலையாளத்தில் சொல்லியிருந்தால் பாதியாவது பிடித்திருப்பாள். நான் ஆங்கிலத்தில் தொடங்கியது வேண்டுமென்று செய்ததா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சட்டம் படிக்கிறவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார்.

இரண்டிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, இப்போது எடுத்தால் நன்றாகத் தெரியும், தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார்.

பிறகு அவள் பக்கம் குனிந்து, "மனசிலாயோ?" என்று கேட்டார். புரிந்ததா என்று கேட்கும் அந்த ஒரு சொல் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள். டாக்டருக்குத் திருப்தி.

நாங்கள் எழுந்து நடந்தோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். ஹாலின் வாசலில் வலப்பக்கம் அறுவைக்குப் பெயர் பதிகிற மேஜை. இடப்பக்கம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரு என்ன சொல்லுதாக சாமி?"

"புரை இன்னும் முத்தலையாம். முத்தினப்புறம் எடுத்தாத்தான் நன்னா வருமாம்."

இதை அவள் நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை. புரை முற்றினால்தான் வெட்டலாம் என்று எல்லாருமே சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

"முத்தலையா? நானே முத்திப்போய் வருசம் மூணாச்சு. அதுக்கு மட்டும் இன்னும் இளமை திரும்புதாக்கும்" என்று சிரித்தாள். நான் இடப்பக்கம் திரும்பினேன். முழங்கை திரும்பிய பக்கம் அவளும் திரும்பினாள். டீ நன்றாக இருந்தது. அவளுக்கு இன்னொரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன்.

என் எண்ணம் கார்த்திகை வரை தள்ளிப்போடுவதுதான். கார்த்திகையில் ஆண்டு விழா. அவள் பேசிக் காட்டாமல் விழா இல்லை. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் நின்று மாமிகளைப் பேசிக் காட்டினால் அது வேறு மாதிரிக் கேட்கும். கண் தெரியாதவள் கேலி செய்தால் சிரிப்பார்கள். கண் தெரிந்த மாவரைக்கிறவள் கேலி செய்தால் சிரிக்க மாட்டார்கள். இதை யோசித்துப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். ஒருத்தியின் கண் ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாரத்தில் இருக்கிற ஒரே நல்ல மத்தியானம் மறு பக்கம். அதுவும் கொஞ்ச நாள் தள்ளிவைப்பது மட்டுமே. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவளுக்குக் கண் மேல் ஆசை இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தம்பி பெண்டாட்டி தட்டை வைக்கிற சத்தத்திலேயே தன் மேல் உள்ள கோபம் தெரிகிறது என்பாள். "கண்ணு வந்ததும் முதல்ல அந்த ஹோட்டலுக்குப் போவேன். நான் இல்லாம தோசை என்ன லட்சணத்துல இருக்குன்னு பாத்துட்டு, காசு குடுத்துத் தின்னுட்டு, முதலாளி முன்னால ஏப்பம் விட்டுட்டு வருவேன். அப்புறம் வேலை கேப்பேன்." இன்னொரு தடவை, "உங்க மூஞ்சியையும் பாக்கணும் சாமி. குரலை வச்சுப் பாத்தா மீசை முளைச்சிருக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மீசை இருக்கிறது என்று நான் சொன்னேன். ஞானையன் தடவிப் பார்த்துச் சாட்சி சொன்னார்.

விழா நன்றாக நடந்தது. நீங்களே சொன்னீர்கள். ஆர்மோனியம் திரும்பி வந்தது. பிறகு சங்குமுகம் போவது இருந்தது. அவள் இல்லாமல் யாரும் போக மாட்டேன் என்றார்கள். கடலுக்குப் போனோம். அலை காலில் பட்டதும் அவள் அனந்தலக்ஷ்மி மாமி குரலில், "மேல படாதே" என்று கடலைப் பார்த்துச் சொன்னாள். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. அதன் பிறகு மார்கழிப் பஜனைக்கு நம் ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

இடையில் இரண்டு தடவை, "புரை முத்திட்டுதான்னு டாக்டர்கிட்ட கேட்டீகளா சாமி?" என்றாள். கேட்டேன், இன்னும் இல்லை என்றேன். இரண்டாம் தடவை எனக்குக் குரல் சரியாக வரவில்லை. அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "சளியா? மிளகு கஷாயம் வச்சுக் குடிங்க" என்றாள்.

மார்கழி முடிவில் தலைவலி என்றாள். கண்ணுக்குள் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைக்குள் வந்து, எப்போதும் போல முகத்தை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அறையில் அதைப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

நான் போய் அவளை எழுப்பி, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வைத்தேன். "இங்கதான் உங்க ஜன்னல்" என்றேன்.

"மேகமா சாமி?"

"ஆமாம், நல்ல மேகம்" என்றேன்.

அன்றைக்கே அழைத்துப்போயிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

தையில் வலி தாங்காமல் வாந்தி எடுத்து, வன்னியராஜ் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதே டாக்டர். முகாமில் அப்போதே சொன்னேனே, கூட வந்த பையன் ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டானே என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். வன்னியராஜுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை அவன் உங்களிடம் வந்து சொன்னான். வலிக்கு வைத்தியம் செய்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு கண்ணும் முடிந்துவிட்டன. அக்காவிடம் அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முற்றும் முன்பே அழுகிப்போய்விட்டது, தன் தலையெழுத்து என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள் நான் பார்க்கப் போனேன். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, "வாங்க சாமி. ஜமீன் போச்சு, இனி நானும் உங்க குடியானவந்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை டீக்குச் சர்க்கரை வாங்கியாயிற்றா என்று கேட்டாள்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சரியாக எழுதவில்லை. வன்னியபெருமாள் வருவதைத் தானாக நிறுத்தவில்லை. கரமனைப் பாலத்தருகே பஸ்ஸுக்காக அவன் நின்றிருந்தபோது, நீ வராமல் இருந்தால் மற்றவர்களுக்கு நல்லது என்று நான்தான் சொன்னேன். "விளையாட மாட்டேன் சாமி, சும்மா ஒரு ஓரத்துல உக்காந்துட்டுப் போறேன்" என்றான். வேண்டாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். பஸ் வந்தும் ஏறவில்லை. ஆகவே பார்வை வந்தவன் போய்விடுவான் என்று நான் கற்றுக்கொண்டதாக எழுதியது எனக்கு யாரும் கற்றுத் தந்ததல்ல.

இன்னொன்று. முகாமுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் செண்பகவல்லி என்னிடம் ஒன்று சொன்னாள். "கண்ணு வந்தாலும் ஞாயித்துக்கெழமை வருவேன், கேட்டீகளா? தொரத்துனாலும் வருவேன். இங்க வராம வேற எங்க போய்ச் சிரிக்கது?" அதை நான் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் வலப்பக்கம் திரும்பியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் தெரிந்த மாதிரி இருக்கிறது. அது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே என் ஒப்புதல் இது. செண்பகவல்லிக்குக் கண் வந்திருக்கும். வராமல் செய்தவன் நான். தெரிந்து செய்தேன். ஒரு முறை அல்ல, அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் செய்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போலீசிடம் கொடுப்பதானாலும் கொடுங்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாருக்குக் கொடுத்தாலும் சரி. சனிக்கிழமை எந்தத் தெருவுக்கு யார் போவது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அனந்தலக்ஷ்மி மாமி வீட்டுக்கு ஞானையனை அனுப்ப வேண்டாம், அந்தப் படி வழுக்கும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை இதை அவளுக்குப் படித்துக் காட்டும்போது, டார்ச் அடித்துப் பார்த்த பிறகு டாக்டர் சொன்னது ஒரு தனிப் பத்தியாக இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். கடைசியில் என் ஒப்புதலிலும், அவளுக்குக் கண் வந்திருக்கும் என்ற வாக்கியமும் அதற்கடுத்ததும் வேண்டாம். அவை இல்லாவிட்டாலும் முன்னும் பின்னும் ஒட்டும்படிதான் எழுதியிருக்கிறேன். எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன், டீச்சர். அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டாள்.